பார்சலில் எழுத வேண்டிய பெயர்

பாரிஸ்

அம்மாவுக்கு ஸுலிகாவின் ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? மார்செய் வெயிலில் மாடிப்படி ஏறி இறங்காதே. நான் நன்றாக இருக்கிறேன். போனில் பேசினால் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். ஆபீசில் எங்களைப் போன்ற அரபுப் பெண்களுக்குப் போனில் பேச ஒரு பிரெஞ்சுப் பெயர் கொடுப்பார்கள். வாடிக்கையாளர் பயந்துவிடக் கூடாதாம். நான் கிளேர். போன வாரம் வாடகை அறை கேட்டுப் போன் செய்தபோதும், பழக்கதோஷத்தில் "கிளேர் பேசுறேன்" என்றுவிட்டேன்.

"உடனே வாம்மா, உனக்குத்தான்" என்றாள் வீட்டுக்காரி.

போனேன். கதவைத் திறந்தவள் என் முகத்தைப் பார்த்ததும், "இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் குடுத்துட்டேன்" என்றாள்.

"நானும் இந்த நாட்டுல பொறந்தவதாங்க."

"நான் ஒண்ணும் சொல்லலையே!" கதவைச் சாத்திவிட்டாள்.

தெருமுனையிலிருந்து மறுபடி போன் செய்தேன். "எங்கேம்மா கிளேர், இன்னும் காணோம்? அறை காலியாத்தான் இருக்கு" என்கிறாள்! வாசலில் நின்றவள்தான் கிளேர் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இனி அறை தேடப் போவதில்லை. தோழி ஹயாத் வீட்டு சோபா முதுகுக்குப் பழகிவிட்டது.

மிளகாய் விழுதும் அப்பாவின் பழைய ஸ்வெட்டரும் அனுப்பு. பகலில் வீட்டில் ஆளிருக்காது, ஆபீசுக்கே அனுப்பு. மேலே கிளேர் என்று எழுது. அப்பா ஆசையாக வைத்த பெயரை எழுதினால், அப்படி யாருமே இங்கே இல்லையென்று திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கிளேரைக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன் மகள்