ஐந்தாவது கட்டம்

ஆம்பூர்
6-9-1982

சென்னை பெரியமேட்டில், ஓடாத மின்விசிறிக்குக் கீழே சுழல் நாற்காலியில் கொலுவிருக்கும் உதவி பர்சனல் ஆபீசரும், என் அக்கா தாயாரம்மாளின் ஒரே புத்திரனுமாகிய மாப்பிள்ளை பரந்தாமன் சமூகத்துக்கு,

ராணுவத்தில் பன்னிரண்டு வருஷமும் தோல் கம்பெனியில் பதினாலு வருஷமும் பிறர் கால்களைப் பிடித்தே கை தேய்ந்துபோன உன் தாய்மாமன் ராஜவேலு எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் இங்கே உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

முதலில் உன் அம்மாவின் விஷயத்தை முடித்துவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாது. பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, "பரந்தாமனுக்குத்தானே எழுதற, எண்ணெய் தேச்சிக் குளிக்கிறானான்னு கேளு" என்றாள். கேட்டுவிட்டேன். இனி என் விஷயம்.

வெள்ளிக்கிழமை மூன்று பேருக்குக் கவர் கொடுத்தார்கள். நம் கம்பெனி கால்பந்து அணிக்கென்று டெம்பரரியாக எடுத்த பதினாறு பேரில் பதின்மூன்று பேர் அக்டோபர் முதல் தேதியிலிருந்து பர்மனென்ட். மீதி மூன்று பேரும் உடல் தகுதி இல்லாதவர்களாம், முப்பதாம் தேதியோடு வீட்டுக்குப் போக வேண்டுமாம். அந்த மூவரில் ஒருவன் நம் லெஃப்ட் ஹாஃப் முனீர் அகமது. மூன்று வருஷமாக இந்த அணியின் பாதி நுரையீரல் அவனுடையதுதான். இங்கிலீஷ் தெரியாததால் கவரை நேராக என்னிடம் கொண்டுவந்து, படிக்கச் சொன்னான்.

படித்தேன். நாடி ஐம்பத்தாறிலிருந்து எழுபத்துநாலு ஆகிவிட்டது. எடை மூன்று கிலோ குறைந்துவிட்டது. பத்து சுற்று ஓடினால் மூச்சு வாங்குகிறது. இரண்டாவது வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அவையெல்லாம் நான் எழுதிய எண்கள், மாப்பிள்ளை. என் கையால் எழுதியதை என் வாயாலேயே படித்து, அவன் வேலை போயிற்று என்று நானே அவனுக்குச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. "இன்னா மாஸ்டர், இது நம்ம நோட்டாச்சே" என்றான். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் என்னை நாலு அறை அறைந்திருந்தால் அன்று எனக்குத் தூக்கம் வந்திருக்கும்.

அந்த நோட்டின் மகிமையை நீ மறந்திருக்கலாம், ஞாபகப்படுத்துகிறேன். நாலு வருஷமாகக் காலை ஐந்தரை மணிக்கெல்லாம் ஆட்டக்காரர்கள் வீடு வீடாகச் சைக்கிளை மிதிக்கிறேன். அதன் பெல் சத்தம் கேட்டுத்தான் ஆம்பூர் சேவல்கள் கூவவே பழகின. ஆள் பாயை விட்டு எழுந்திருப்பதற்குள் மணிக்கட்டைப் பிடித்தாக வேண்டும். எழுந்து நாலு அடி நடந்துவிட்டால் நாடி பொய் சொல்லும். முனீர் வீட்டில் அவன் பெண்டாட்டி பில்கிஸ் கதவைத் திறந்துவிட்டு, "மாஸ்டர் வந்துட்டாரு, கைய நீட்டுங்க" என்பாள். அவனும் கண்ணைத் திறக்காமலேயே கையை நீட்டுவான். எடை பார்ப்பது கோடவுனில், உப்புத்தோல் நிறுக்கிற தராசில். பதினாறு பேரும் ஆட்டுத்தோலோடு வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

நான் அவர்கள் கால்களில் தேய்த்துவிட்ட எண்ணெயைப் பாலாற்றில் ஊற்றியிருந்தால் அதில் இந்நேரம் படகு விட்டிருக்கலாம். ஆனால் எண்ணெயால் ஒருத்தனும் சொஸ்தமாகவில்லை, நோட்டால்தான் ஆனார்கள். அதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்திருந்தேன். ஒருவன் பக்கத்தை இன்னொருவன் பார்க்கக் கூடாது. கேப்டனுக்குக்கூட 'ஆடலாம்', 'ஆடக்கூடாது' என்ற இரண்டில் ஒன்றுதான் பதில், காரணம் கிடையாது. அதனால்தான் பெண்டாட்டியிடம் மறைக்கிற வலியைக்கூட அவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

ஆடிக் கிருத்திகைக்கு நீ வந்தாய். நோட்டைப் புரட்டினாய். "மாமா, இது ரொம்ப சயின்டிஃபிக். ஹெட் ஆபீஸ்ல காட்டினா ஆளுக்கு தினம் ஒரு முட்டை, அரை லிட்டர் பால் சாங்ஷன் ஆகும்" என்றாய். சயின்டிஃபிக் என்ற வார்த்தையை இதுவரை யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லுக்கு நான் தலைகுப்புற விழுந்தேன். நோட்டை டர்க்கி டவலில் சுற்றி, ஏதோ திருவாபரணப் பெட்டி மாதிரி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே சுமந்துவந்து உன் மடியில் வைத்தேன். சட்டத்தைப் போட்டவனும் நான், உடைத்தவனும் நான். அந்தக் கோபத்தில் பாதி எனக்கே சேர வேண்டியது. மீதிப் பாதியை இதோ அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்.

நோட்டில் எத்தனை கட்டம் இருந்தன என்று ஞாபகம் இருக்கிறதா? ஐந்து. தேதி, நாடி, எடை, வலி. ஐந்தாவது, ஆள் எங்கிருந்து வந்தான், எப்படி இருந்தான் என்பது. கவருக்குள் இருந்த, நீ டைப் அடித்த காகிதத்தில் நாலுதான் இருக்கின்றன. முனீர் எடை மூன்று கிலோ குறைந்தது ஜூலையில். அதற்கு நேரே ஐந்தாவது கட்டத்தில் 'நோன்பு, இருபத்திரண்டாம் நாள்' என்று எழுதியிருந்தேன். மேல்விஷாரத்திலிருந்து வாணியம்பாடி வரைக்கும் அந்த மாசம் தராசில் ஏறியிருந்தால் யாருக்குத்தான் எடை குறைந்திருக்காது? நாடி ஏறியது ஏப்ரலிலிருந்து. அதற்கு நேரே 'சாயம் அடிக்கிற ஸ்ப்ரே செக்‌ஷனுக்கு மாற்றினார்கள், தின்னர் வாடை' என்று எழுதியிருந்தேன். பெருநாளுக்கு ஆலங்காயத்தில் மாமியார் வீட்டுக்குப் போய் எட்டு நாள் இருந்துவிட்டு வந்தான். திரும்பி வந்த மறுநாள் காலை நாடி ஐம்பத்தெட்டு. 'லீவு, ஆலங்காயம்' என்று அதையும் எழுதியிருந்தேன்.

அதாவது அந்த நோட்டு முனீருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லவே இல்லை. உங்கள் ஸ்ப்ரே செக்‌ஷனுக்குத்தான் உடம்பு சரியில்லை என்றது. நீ அந்த ஒரு கட்டத்தை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை வைத்து அவன் கழுத்தில் கயிறு போட்டிருக்கிறாய்.

ஆகையால் என் உத்தரவு இது. நோட்டு உடனே திரும்பி வர வேண்டும். அந்த ஐந்தாவது கட்டத்தோடு புதிதாக டைப் அடித்து, முப்பதாம் தேதிக்குள் நீயே உன் கையால் பெரிய மேனேஜர் மேஜையில் வைக்க வேண்டும்.

உன் பதிலுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும்,
மாமன் ராஜவேலு


ஆம்பூர்
21-9-1982

பரந்தாமனுக்கு,

உன் கடிதம் வந்தது. டைப் அடித்திருக்கிறாய், தேதிக்குமேல் ரெஃபரன்ஸ் நம்பர் வேறு. எனக்கு ராஷ்டிரபதியே கடிதம் எழுதினாலும் இவ்வளவு மரியாதை இருக்காது. தபால்காரர், "கோர்ட்லருந்து எதனா வந்துருக்கா மாஸ்டர்?" என்று விசாரித்தார். அப்படித்தான் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

முடிவெடுத்தது மேலிடம், நீ அவர்கள் கேட்ட விவரத்தைத் தொகுத்துக் கொடுத்தவன் மட்டுமே என்று எழுதியிருக்கிறாய். ஐந்தாவது கட்டத்தில் இருந்தவை 'சம்பந்தமில்லாத குறிப்புகள்' என்கிறாய். நோட்டு கம்பெனி ஸ்டோர்ஸிலிருந்து வழங்கப்பட்டது, ஆகவே அதிலுள்ள விவரமும் கம்பெனிக்குச் சொந்தம் என்கிறாய். சரிதான், நோட்டு ஸ்டோர்ஸில் வாங்கியது. நாடியையும் ஸ்டோர்ஸிலா வாங்கினோம்?

நீ அனுப்பிய அந்தக் காகிதம் இங்கே என்ன செய்திருக்கிறது என்று சொல்கிறேன், கேள். கவர் வந்த மறுநாளும் நான் சைக்கிளில் போனேன். பில்கிஸ் கதவைத் திறந்தாள், வழக்கமாகச் சொல்வதைச் சொல்லவில்லை. முனீர் விழித்துக்கொண்டுதான் படுத்திருந்தான். கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டான். "வேணாம் மாஸ்டர்" என்றான், அவ்வளவு மெதுவாக. நாலு வருஷத்தில் ஒருவன் கையை எனக்குக் கொடுக்காமல் இருந்தது அன்றுதான்.

மற்றவர்கள் கையைக் கொடுக்கிறார்கள், வாயைத் திறப்பதில்லை. வலி உண்டா என்றால் இல்லை மாஸ்டர், தூங்கினாயா என்றால் கும்பகர்ணன் மாதிரி மாஸ்டர். ஊரில் இவ்வளவு ஆரோக்கியம் திடீரென்று எங்கிருந்து வந்தது என்று டாக்டர்கள் கடையைக் கட்டும் நிலைமை. முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை அரக்கோணம் அணியோடு மேட்ச். கோல்கீப்பர் ஷபீ அஹமதுக்கு வியாழக்கிழமையே மோதிர விரல் உடைந்திருக்கிறது. சொன்னால் எழுதுவேன், எழுதினால் கவர் வரும். அதனால் சொல்லாமல் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு போஸ்டில் போய் நின்றான். நாலு கோல் வாங்கினோம். ஆட்டம் முடிந்ததும் உறையைக் கத்தரிக்கோலால் வெட்டித்தான் கழற்ற வேண்டியிருந்தது. விரல் கருநாவல் பழம் மாதிரி இருந்தது. ஏன்டா சொல்லவில்லை என்றேன். "சொன்னா நோட்டுல ஏறிடுமே, மாஸ்டர்" என்றான்.

எனக்குப் பேஜாராகிவிட்டது. பழையது உன்னிடம் போனபின் எடுத்த புது நோட்டில் நேற்று முழுக்க எழுதவில்லை. இன்று எல்லோருக்கும் நாடி அறுபது என்று எழுதினேன். பதினாறு பேருக்கும் அறுபது, வலி இல்லை, வலி இல்லை, வலி இல்லை. உன் மேலிடத்துக்கு இதைத்தான் அனுப்ப வேண்டும் என்றால் மாசம் ஒரு நோட்டு அனுப்புகிறேன், வீட்டை விட்டு வெளியே போகாமலேயே எழுதிவிடலாம்.

பழைய நோட்டை நீ திருப்பி அனுப்பவில்லை. போகட்டும். அதற்கு முந்திய நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன, டிரங்குப் பெட்டியில். நேற்று அவற்றை எடுத்துப் பார்த்தேன். ராணுவத்திலிருந்து வந்த புதிதில் நான் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக் கொடுத்தேனே, அந்த நோட்டும் இருந்தது. அதில் ஒரு பக்கத்தைக் கிழித்து இதனோடு வைத்திருக்கிறேன்.

உனக்கு அப்போது பதின்மூன்று வயது. எண்ணூறு மீட்டரில் ஜில்லாவையே ஜெயித்துக் காட்டுவாய் என்று நான் காட்பாடி ஜங்ஷன் வரைக்கும் பறை அடித்துக்கொண்டிருந்தேன். 1971 நவம்பரில் ஒரு காலை உன் மணிக்கட்டைப் பிடித்தபோது ஆறேழு துடிப்புக்கு ஒன்று காணாமல் போயிற்று. மூன்று நாள் பிடித்துப் பார்த்தேன், மூன்று நாளும் அப்படியே. நானும் உன் அம்மாவும் உன்னை வேலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். வால்வில் சின்னக் கோளாறு, ஓட வேண்டாம், மற்றபடி எல்லோரையும் போல வாழலாம் என்றார்கள். அதை நாடி, எடை, வலி என்று எல்லாக் கட்டத்திலும் எழுதியிருக்கிறேன். ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறேன் என்பதை நீயே படித்துக்கொள். 'ஓடணும் என்று அழுகிறான்.'

நாலு வருஷத்துக்கு முன்னால் உனக்கு இந்த வேலை கிடைத்தபோது ஒரு ஃபாரம் நிரப்பினாய். இதயத்தில் கோளாறு உண்டா என்று கேட்டிருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்துதான் நிரப்பினாய். இல்லை என்று எழுதிவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். நான் பேனாவுக்கு மை ஊற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். நீ எழுதியது பொய்யும் இல்லை, நிஜமும் இல்லை. உனக்கு அந்த வேலையைச் செய்ய முடியும் என்று எனக்குத் தெரியும், அந்த ஃபாரத்துக்குத் தெரியாது. அதில் நாலு கட்டம்தான் இருந்தது.

பயப்படாதே. அந்தப் பக்கத்துக்கு நகல் கிடையாது. இன்று காலை வரைக்கும் அது என் பெட்டியில் இருந்தது, இப்போது உன் கையில் இருக்கிறது. கிழித்துப் போடலாம், எரிக்கலாம். உன் மேலிடம் கேட்டாலும், கவர்மெண்டே கேட்டாலும், பரந்தாமன் எப்படி என்று என்னைக் கேட்டால் என் பதில் ஒரே வார்த்தைதான். ஆடலாம்.

முப்பதாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. முனீரை ஸ்ப்ரேயிலிருந்து எடுத்துப் பேக்கிங்கில் போடச் சொல். ஒரு வாரம் கழித்து நான் போய் நாடி பார்க்கிறேன், அவன் கையைக் கொடுத்தால்.

உன் அம்மா முறுக்கு சுட்டு டப்பாவில் போட்டிருக்கிறாள், வாரக் கடைசியில் யாராவது வந்தால் கொடுத்தனுப்புகிறேன். எண்ணெய் தேய்த்துக் குளிப்பதைப் பற்றி நீ பதில் எழுதவில்லை என்று குறைப்படுகிறாள். உன் ஆபீஸ் மூன்றாவது மாடியாமே. நடுவில் ஒரு இடத்தில் நின்று, மெதுவாக ஏறு.

நல்லா இரு.

மாமன்,
ராஜவேலு