மீன்தொட்டித் தண்ணீர்

அன்புள்ள பாவாவுக்கு,

மலைக்கோவிலில் எனக்குத் தாலி கட்டப் போகிறவரிடம் நேரில் கேட்க வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சர்க்யூட் போர்டு கழுவிய தண்ணீரை நாம் சுத்தம் செய்கிறோம் என்று காட்டத்தான் கம்பெனி வாசலில் அந்த மீன்தொட்டி. சுத்தம் செய்த அந்தத் தண்ணீரை அதில் நிரப்புவது உங்கள் வேலை. வெள்ளிக்கிழமை அதில் வால் கிழிந்த மீன் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை இல்லை, எல்லாமே சின்னச் சின்னப் புது மீன்கள். கேட்டதற்கு, "மீனுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கத்தான் மாமா உன்ன காலேஜுல படிக்க வெச்சாரா?" என்று சிரித்தீர்கள். நானும் சிரித்துவிட்டேன்.

இன்று அந்தத் தொட்டித் தண்ணீரை லேபில் சோதித்தேன். எல்லா அளவும் நம் கம்பெனி போர்வெல் தண்ணீரோடுதான் ஒத்துப்போகிறது.

அடுத்த வாரம் முதல் சுத்தம் செய்த தண்ணீரைக் கே.ஜி.கண்டிகை வயல்களுக்கு விடப் போகிறார்கள். உங்கள் மாமா, என் நைனா, வெறுங்காலோடு இறங்கி வேலை செய்யும் வயல்கள். தண்ணீர் சுத்தமானது என்ற சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டியவள் நான். "கண்ண மூடிகினு போடு" என்கிறீர்கள்.

ஒருவேளை நான் வீணாகச் சந்தேகப்படுகிறேனோ என்னவோ. சாயங்காலம் தொட்டித் தண்ணீரை இறைத்துவிட்டு, சுத்தம் செய்த தண்ணீர் வரும் குழாயிலிருந்து நானே நிரப்பிவிட்டேன். காலையில் சேர்ந்து பார்ப்போம். மீன்கள் உயிரோடிருந்தால் கையெழுத்தும் போடுகிறேன், உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன். செத்திருந்தால், கல்யாணம் இல்லை என்று இரண்டு வீட்டுக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாமன் மகள்