காய்ந்த ரப்பர் பை

பிப்ரவரி 9

பல் டாக்டருக்கு இடுப்பில் அறுவைச் சிகிச்சையாம். ஐந்து மாதம் பறக்கக் கூடாது. ஊரார் வாயையெல்லாம் திறக்க வைத்த மனுஷன், இன்று தன் குட்டி விமானத்தின் மூக்கைத் தடவியபடி வாயே திறக்காமல் நின்றார். கிளம்பும்போது, "பெட்ரோலை முழுக்க வடிச்சிடுப்பா. பூட்டிக் கிடக்கிற இடம், தீ கீ பிடிச்சிடப் போகுது" என்றார்.

இறக்கைக்குள் பெட்ரோலைத் தாங்குவது ரப்பர் பை. நனைந்தே இருந்தால் பல வருஷம் உழைக்கும். காலியாக விட்டால் சருகுதான். அதுவும் இது கிழப் பை. ஒன்று, நிரப்பி வைக்க வேண்டும். இல்லையென்றால் உள்ளே எஞ்சின் ஆயில் பூச வேண்டும். இருபத்தாறு வருஷ மெக்கானிக் எனக்குத் தெரியாதா?

"சரிங்க டாக்டர்" என்றேன்.

பிப்ரவரி 10

ஏன் சொல்லவில்லை?

என் மனைவியின் அண்ணனுக்கு அந்த விமானத்தின் மேல் ஒரு கண். "அது மட்டும் கைக்கு வரட்டும் மாப்ள, நான் தொடங்கற விமானப் பயிற்சிப் பள்ளிக்கே நீதான் தலைமை மெக்கானிக்." ஐம்பத்திரண்டு வயதில் தொப்பையைத் தவிர எதிலும் முன்னேறாதவன் நான்.

ஏப்ரல் 21

வாய் சும்மா இருக்குமா எனக்கு? மச்சானிடம் எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன் — "தீ கீ பிடிச்சிடப் போகுது" என்று டாக்டர் குரலில் பேசியும் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பெருமையாக இருந்தது.

மே 30

டாக்டர் போனில்: "என் செல்லம் எப்படிப்பா இருக்கு?"

"நல்லாத் தூங்குதுங்க."

ஜூலை 14

ஊன்றுகோலோடு வந்தார். புதுச் சட்டை, மாப்பிள்ளை மாதிரி. பெட்ரோல் நிரப்பிப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இறக்கைக்கு அடியில் சொட்டு. மறுபடி வடித்ததும், மூடியைக் கழற்றிக் கையை விட்டுப் பார்த்தார். விரல் பட்ட இடமெல்லாம் வெடிப்பு.

புதுப் பை வர எட்டு மாதமாகும் என்றேன்.

"எட்டு மாசம் கழிச்சு எழுபத்தோரு வயசுக் கிழவனை எவன் பறக்க விடுவான்? வித்துடுப்பா." கையைத் துடைத்துக்கொண்டே, "என் தப்புதான். நான்தானே வடிக்கச் சொன்னேன். உன்னை யாரும் குறை சொல்லிடக் கூடாது" என்றார்.

அட கடவுளே, திட்டித் தொலைச்சிருக்கக் கூடாதா இந்த ஆளு!

ஆகஸ்ட் 3

விமானம் மச்சான் பெயருக்கு மாறியது.

ஆகஸ்ட் 20

தலைமை மெக்கானிக்காக வேறொருவனைப் போட்டுவிட்டார் மச்சான். என் வீட்டில், என் நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார்: "கோவிச்சுக்காத மாப்ள. அந்தாளுகிட்ட வாயைத் திறக்காதவன், நாளைக்கு என் பள்ளிப் பிள்ளைங்க ஏறும்போது மட்டும் திறப்பியா?"

"அண்ணன் கேக்கறதுல என்ன தப்பு?" என்றாள் இவள்.

நானும் சிரித்தேன். இத்தனை வருஷத்தில் மனைவி வீட்டார் சொன்ன ஒரே நல்ல நகைச்சுவை.