ஆயில் மாற்றாமல் அணைத்த விளக்கு

என் அன்பு அக்கா,

நேற்று உன் காரின் உறையைக் கழற்றினேன். ஒரு வருஷமாக ஸ்ரீவராகத்தில் உங்கள் வீட்டு ஷெட்டில் கிடந்த வண்டி. அத்தான் அந்தப் பக்கமே போவதில்லை. கேட்டது நித்யாதான். கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, போய்வர அம்மாவின் வண்டியைச் சரியாக்கித் தாருங்கள் மாமா என்றாள். உன் மகளிடம் எப்படி மாட்டேன் என்பேன்?

எனக்கு அந்த வண்டியைத் தொடவே பயம். ஏனென்று உனக்குத் தெரியாது என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன்.

நீ எங்களை விட்டுப் போவதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, உன் வண்டிக்கு நான் ஆயில் மாற்றவில்லை அக்கா. தெருவில் யார் வண்டியானாலும் வீட்டிலேயே ஆயில் மாற்றித் தருவேன் என்று பெருமையடித்துத் திரிகிறவன், அன்று மழையைப் பார்த்துச் சோம்பிவிட்டேன். மீட்டரில், ஆயில் மாற்ற நேரமாகிவிட்டது என்று சொல்லும் ஸ்பேனர் படம் போட்ட விளக்கு மாசக்கணக்காக எரிந்துகொண்டிருந்தது. ஆயில் மாற்றியபின் அதை நாம்தான் அணைக்க வேண்டும். பட்டனை அமுக்கிப் பிடித்தபடி சாவியைத் திருப்பி, பத்து எண்ண வேண்டும். உள்ளே பழைய ஆயிலா புதிய ஆயிலா என்று அந்த விளக்குக்குத் தெரியாது. நான் பத்து மட்டும் எண்ணினேன். புது ஆயில் கேனையும் பில்டரையும் டிக்கி விரிப்புக்குக் கீழே, ஸ்டெப்னி டயர் குழியில் ஒளித்துவைத்தேன்.

"எல, மாத்தியாச்சா?" என்று கேட்டாய்.

"ஆச்சுக்கா."

என் கைகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். அவற்றில் ஒரு துளி கறுப்பு இல்லை.

வியாழக்கிழமை வழக்கம்போலப் பொன்முடி தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கர்ப்பிணிகளைப் பார்க்கப் போனாய். நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகும் நீ விடாத வியாழக்கிழமை. திரும்பி இறங்கும் வழியில், ஒரு கொண்டை ஊசி வளைவில், மூடுபனிக்குள் வண்டி நின்றிருந்தது. நீ ஸ்டியரிங்கில் கைவைத்தபடி இருந்தாயாம். மாரடைப்பு என்றார்கள். யாருக்கும் வண்டியை ஓட்ட மனம் வரவில்லை, கட்டி இழுத்துத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் நான் நினைத்தது வேறு. எஞ்சின் ஜாம் ஆகி நடுவழியில் நின்றிருக்கும், ஆள் அரவமில்லாத இடத்தில் தவித்துத்தான் உன் உயிர் போயிருக்கும். என் சோம்பல் உன்னைக் கொன்றது. இதை யாரிடமும் சொல்லாமல் ஒரு வருஷம் தின்றேன், தூங்கினேன்.

நேற்று மத்தியானம் புது பேட்டரி வைத்துச் சாவியைத் திருப்பினேன். ஸ்பேனர் விளக்கு எரிந்தது. என் கையால் அணைத்த விளக்கு! மறுபடி பத்து எண்ணினேன், அணைந்தது. சாவியை எடுத்துப் போட்டேன், எரிந்தது. மூன்று முறை இப்படி. வெளியே மேமாத வெயில் காய்கிறது, உள்ளே முன்கண்ணாடியில் பனி படர்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நித்யா, "மாமா, உள்ள என்னமோ தணுப்பா இருக்கு" என்று இறங்கிவிட்டாள். "பட்டனைச் சீக்கிரம் விட்டுடுறே" என்றார், ஷெட்டுக்கு வெளியிலேயே நின்ற அத்தான். அப்படித்தானா அக்கா? நான் சரியாகத்தானே எண்ணினேன்?

டிக்கியைத் திறந்தேன். விரிப்புக்குக் கீழே நான் ஒளித்த கேன் அப்படியே இருந்தது. தூக்கினால் காலி. மூடி இறுக்கித் துடைத்து வைத்திருந்தது. பில்டரைக் காணோம்.

வண்டிக்கு அடியில் படுத்து ஆயிலைத் திறந்துவிட்டேன். தார்போல வரும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். தேன் நிறத்தில் வந்தது. பில்டரும் புதியது. அதன்மேல் கறுப்பு மையில், சலைன் பாட்டிலில் எழுதுவாயே, அதே எழுத்து. மேலே தேதி. கீழே, "தம்பி போட்டது."

தேதி அந்த வியாழக்கிழமை. காலை ஆறு மணிக்கு நீ கிளம்பும்போது எந்த வொர்க்‌ஷாப் திறந்திருக்கும்? லயத்துப் பெண்களுக்குப் போன் செய்து கேட்டேன். அங்கே யாரும் உன் வண்டியைத் தொடவில்லையாம். அப்படியானால் யார் போட்டது அக்கா?

புது ஆயில் ஊற்றிச் சாவியைத் திருப்பினேன். ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆனது. எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. வலி வந்ததும் நீயேதான் ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறாய். உன் சீட்டிலேயே உட்கார்ந்து அழுதேன். பிறகு பத்து எண்ணினேன். விளக்கு அணைந்தது, இன்று காலையும் எரியவில்லை.

நித்யாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அந்தக் காலி கேனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "இனி நீங்க மாத்தும்போ நானும் கூட நிப்பேன்" என்றாள். நிற்கட்டும்.

கை கறுக்காமல் அந்தப் பட்டனை இனித் தொடமாட்டேன் அக்கா. ஒவ்வொரு முறையும் பில்டரில் தேதியை நான் எழுதுகிறேன். அதன் கீழே எழுத வேண்டியதை நீ எழுதிவிட்டாய், அதை உண்மையாக்குவது என் பொறுப்பு.

இந்த முறை நிஜமாகவே ஆயில் மாற்றிய
உன் தம்பி