வருகைத்தாளில் உங்கள் கையெழுத்து

சிஸ்டர்,

போன வாரம் சர்க்கரை பார்க்க டவுன் லேபுக்குப் போயிருந்தேன். அங்கிருந்த பெண் நாலு பேரிடம் ரத்தம் எடுத்து, பெயர் எழுதாத குழாய்களை அப்படியே உள்ளே கொண்டு போனாள். ஸ்பிரிட் வாடையில் உட்கார்ந்திருந்த எனக்கு உங்கள் நினைப்பு வந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நம் ஆஸ்பத்திரியில் இரண்டு மாரியம்மாள்களின் ரத்த ரிப்போர்ட் மாறிப்போன பிறகு, நர்சுகளுக்குப் புது முறையைச் சொல்லிக்கொடுக்கும் வேலை லேபில் இருந்த என்னிடம் வந்தது. கட்டில் நம்பரை மட்டும் பிளாஸ்திரியில் எழுதிக் குழாயில் ஒட்டுவது இனிமேல் கூடாது. நோயாளியையே பெயர் சொல்லவைத்து, புருஷன் பெயரோ தகப்பன் பெயரோ, ஊர், சீட்டு நம்பர் எல்லாவற்றையும் அங்கேயே நின்று எழுதி ஒட்ட வேண்டும். நான் பேசி முடித்ததும், இருந்தவர்களில் மூத்தவரான நீங்கள்தான் கேட்டீர்கள்.

"நல்ல முறைதான் தம்பி. ஆனா நாப்பது கட்டிலுக்கு ஒருத்தி. நின்னு எழுதிக்கிட்டிருந்தா, மத்த ஆளுகளை யாரு பாக்குறது?"

"பழகினா வேகம் வந்துரும் சிஸ்டர்" என்றேன். மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்காமல் வந்து, பயிற்சிக்கு வந்தவர்களின் வருகைத்தாளில் கையெழுத்துப் போட்டீர்கள்.

பத்து நாளில் எல்லோரும் பழையபடி ஆகிவிட்டார்கள். நீங்கள் மட்டும் விடவில்லை. பரளச்சி ஊர்க்கார அம்மா ஒருத்தி புருஷன் பெயரைச் சொல்லமாட்டேன் என்று முகத்தை மூடிக்கொண்டபோது, "அப்ப ஒங்கய்யா பேரச் சொல்லுங்க ஆத்தா" என்று பொறுமையாகக் கேட்டு எழுதினீர்கள். தாமதமாகிறது என்று டாக்டர் வார்டு நடுவிலேயே திட்டினார். நீங்கள் எழுதி ஒட்டி முடித்துத்தான் நிமிர்ந்தீர்கள்.

பிறகு காய்ச்சல் காலம் வந்தது. தரையிலும் பாய் விரித்திருந்தார்கள். ஒருநாள் பகலில், ரத்தம் ஏற்ற வேண்டிய இரண்டு பெண்களிடம் மாதிரி எடுத்த நேரத்தில், மூன்றாவது ஆளுக்கு வலிப்பு வந்தது. இரண்டு குழாய்களையும் பையில் போட்டுக்கொண்டு ஓடினீர்கள். திரும்பி வந்து மேஜையில் வைத்துப் பெயர் எழுதினீர்கள். பெயர்கள் மாறிவிட்டன. அதை நம்பித்தான் நான் ரத்தப் பிரிவு பார்த்துக் கொடுத்தேன். பிரிவு மாறிய ரத்தம் ஏறி, பிள்ளை பெற்று மூன்று நாளேயான மல்லாங்கிணற்றுப் பெண் அன்று சாயங்காலமே இறந்துபோனாள்.

விசாரணையில் என்னிடம் இரண்டே கேள்விகள். சொல்லிக்கொடுத்தீர்களா? வருகைத்தாளில் இருப்பது அவர் கையெழுத்துதானா? இரண்டுக்கும் "ஆமா சார்" என்றேன். வாசலில் நின்ற உங்களுக்கு அது கேட்டிருக்கும்.

உங்களை வேலையை விட்டு நீக்கிய அன்று, "வெசனப்படாதீக தம்பி. உள்ளதைத்தான சொன்னீக" என்று சொல்லிவிட்டு ஊருக்குப் போக நரிக்குடி பஸ்ஸில் ஏறினீர்கள். ஒருநாளும் வந்து பார்க்க எனக்குத் துணிவில்லை. நீங்கள் இறந்ததே அடக்கம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. உங்கள் இடத்துக்கு வந்த பெண்ணுக்கும் அதே முறையைச் சொல்லிக்கொடுத்தேன். அவளுக்கும் நாற்பது கட்டில்தான்.

உங்களிடம் சொல்லாதது ஒன்று உண்டு. விசாரணைக்கு முந்தின நாள் ஒரு பக்கம் எழுதினேன். அன்று வார்டில் எத்தனை பேர் கிடந்தார்கள், நீங்கள் ஒருத்தியாக எத்தனை மணி நேரம் நின்றீர்கள், எல்லாம் அதில் இருந்தது. "ஆமா சார்" என்று சொன்னபோது அது என் சட்டைப்பையில்தான் கிடந்தது. எடுக்கவில்லை. காகிதம் எப்போதோ தொலைந்துவிட்டது. எழுதியது முழுக்க மனப்பாடமாக இருக்கிறது. கேட்கத்தான் ஆளில்லை.