படபடப்புக் கணக்கு

பிப்ரவரி 3

என் செல்லத் தங்கச்சிக்கு,

ஆண்டவன் துணையால் இங்கே சுகம். அம்மாவுக்கு முதுகுப் புண் ஆறிவிட்டது. புரட்டிப் படுக்க வைத்தால் இன்னமும் என்னைத் திட்டுகிறாள், தெம்பாகத்தான் இருக்கிறாள்.

எனக்குத்தான் படபடப்பு விடவில்லை. நேற்று துணி காயப்போடும்போது சுவிட்சைத் தட்டியது போல ஆரம்பித்தது. கடிகாரம் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு நூற்று எழுபத்தெட்டு. பதினோரு நிமிடம் கழித்துச் சட்டென்று நின்றது. நோட்டில் இது நாற்பத்து மூன்றாவது தடவை. உன் ஆஸ்பத்திரியில் நீயே ஈசிஜி எடுத்து "ஒண்ணுமில்லக்கா" என்றாய். பிறகும் வருகிறதென்றால் என் பக்தியில்தான் குறை. வாரம் ஒரு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் வேண்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 10

அக்கா,

சும்மா சும்மா நாடி பிடிச்சுப் பார்த்தா யாருக்குத்தான் படபடக்காது? நோட்டைத் தூக்கிப் பரண்ல போடு. அம்மாவை விட்டுட்டு டாக்டர் டாக்டரா அலையாதே.

உன் வாலு

மார்ச் 21

தங்கைக்கு,

போன வாரம் குளியலறையில் மயங்கி விழுந்தேன். உன் அத்தான் இதய டாக்டரிடம் கூட்டிப் போனார். அந்த டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டிவிட்டு, "எங்க மிஷினுக்கே வேலை இல்லாம பண்ணிட்டீங்களே!" என்று சிரித்தார். உன் ஆஸ்பத்திரியிலிருந்து வரவழைத்த பழைய ஃபைலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"பிறவியிலேயே இதயத்துல கூடுதலா ஒரு மின்சாரப் பாதை இருக்கும்மா. துடிப்பு அதுல மாட்டிக்கிட்டுச் சுத்திச் சுத்தி ஓடுது. பக்திக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. பட்டினி கிடந்தா இன்னும் கிளம்பும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எடுத்த ஈசிஜிலயே தெளிவாத் தெரியுதே!"

அந்தத் தாளில் "இதய மருத்துவரிடம் அனுப்பவும்" என்று இருந்தது. அதற்குக் கீழே, "நோயாளியிடம் சொல்லியாகிவிட்டது." அதற்குக் கீழே உன் கையெழுத்து.

என்னிடம் எப்போது சொன்னாய்?

அக்கா

மார்ச் 27

அக்கா,

மன்னிச்சிடு. நீ படுத்துட்டா அம்மாவை நான்தான் கூட்டிட்டு வரணும். எனக்கு ஒரே ரூம், டூட்டி வேற. அம்மா இருக்கிறவரைக்கும் உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நினைச்சுட்டேன். சரி பண்ணுற அன்னைக்கு லீவு போட்டுட்டு வந்து பக்கத்துலயே உட்கார்ந்துக்கிறேன். வரட்டுமாக்கா?

வாலு

ஏப்ரல் 2

தங்கைக்கு,

பன்னிரண்டாம் தேதி, தொடை ரத்தக்குழாய் வழியாக மெல்லிய கம்பி விட்டு அந்தப் பாதையைச் சுட்டு அடைக்கப்போகிறார்கள்.

அம்மாவுக்காக என்று கேட்டிருந்தால் நானே தள்ளிப்போட்டிருப்பேன். நீ கேட்கவில்லை. செய்யாத குற்றத்துக்கு இரண்டு வருடம் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிப் படிவத்தில் அவசரத்துக்கு இரண்டு பேரைக் கேட்டார்கள். முதலில் உன் அத்தான். இரண்டாவது, மாடி வீட்டுத் தையற்காரி. நான் ஆஸ்பத்திரியில் இருக்கும் இரண்டு நாளும் அம்மாவையும் அவளே பார்த்துக்கொள்கிறாளாம். உறவு என்ற இடத்தில் என்ன போடுவதென்று விழித்தேன். "தங்கச்சின்னு போடுக்கா, யாரு வந்து கேக்கப்போறா" என்றாள்.

அப்படியே எழுதிவிட்டேன். நீ லீவு போட வேண்டாம்.

அக்கா