பட்டன் இல்லாத மாடி

செப்டம்பர் 1, செவ்வாய்

இன்று வங்கிக் கட்டடத்தில் லிஃப்ட் நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே பன்னிரண்டு பேர். ஒருவர் மயங்கிச் சரியும் நிலை. நான் போய்ச் சேர்ந்த மூன்றாவது நிமிஷத்தில் கதவைத் திறந்து அத்தனை பேரையும் கைப்பிடித்து இறக்கினேன். மேனேஜர் கண் கலங்கிவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன்தான் நான். ஆனால் பெரிய படிப்புப் படித்தவர்கள் நடுவில் தொங்கும்போது கூப்பிடுவது என்னைத்தான். இதையெல்லாம் எழுதி வைக்கத்தானே கம்பெனி வருஷா வருஷம் டைரி தருகிறது.

வேலை முடிந்து அக்கா வீட்டுக்குப் போனேன். ஒன்பது மாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி. அந்தக் கட்டடத்து லிஃப்டும் என் கையில்தான் ஓடுகிறது. அக்கா பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொண்டிருந்தாள். அத்தான் பஸ்ஸை விட்டு இறங்கி வந்து, காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். குண்டூசி என்னை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அக்கா மகள். வைத்த பேர் வேறு. ஒல்லிக்கு நான் கூப்பிட்ட பேர்தான் நிலைத்துவிட்டது.

"மாமா, இருபத்தேழாம் தேதி என் பர்த்டே. என்ன தீம்?"

தையல் மெஷின் நின்றது.

"இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம்டா," என்றாள் அக்கா. என்னைப் பார்த்துத்தான் சொன்னாள், பிள்ளையைப் பார்த்து இல்லை.

அத்தான் சுவரிடம் பேசுவதுபோல் சொன்னார்: "ஏழு வயசு ஆகுது. புள்ள கேக்குதுல்ல."

"ரெண்டு பேருக்கும்தான் ஏழு ஆகுது." மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

குண்டூசியும் பம்பரமும் இரட்டைப் பிள்ளைகள். ஓரிடத்தில் நிற்காததால் அவன் பம்பரம். ஜனவரியில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆறு நாள். அதற்கு மேல் எழுத வராது.

நான்தான் சொன்னேன், "அக்கா, நீ கையைக்கூட அசைக்க வேணாம். நாப்பது பர்த்டே நடத்தினவன் நான். எங்கிட்ட விட்டுரு."

"லிஃப்டுக்குக் கயிறு மாட்டச் சொன்னா, வாயிலேயே திரிக்கிற ஆளு நீ," என்றாள். வேண்டாம் என்று மறுபடி சொல்லவில்லை.

செப்டம்பர் 2, புதன்

இந்த வீட்டுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. தீமில் பாதி அவள் சொல்வாள், பாதி அவன் சொல்வான். ஒட்டிக் கொடுப்பது மாமன் வேலை. நாலு வயதில் அவள் மீன் என்றாள், அவன் தீயணைப்பு வண்டி என்றான்: மீன்கள் ஓட்டும் தீயணைப்பு வண்டி செய்தேன். ஐந்தில் யானையும் ரயிலும். போன வருஷம் நிலாவும் டிராக்டரும். நிலாவை உழுகிற டிராக்டர். ஊரே திரண்டு வந்து பார்த்தது.

இன்று குண்டூசி என் மடியில் உட்கார்ந்து சொன்னாள்: "என் பாதி குடை. அவன் பாதிய நீ கேட்டுட்டு வா மாமா."

"யார்கிட்டடி?"

"பம்பரத்துக்கிட்டதான். வாராவாரம் மேல போறவன் நீ. சாவியும் உங்கிட்டதான இருக்கு."

தப்பு என்னுடையது. ஒன்பதாவது மாடிக்கும் மேலே, பட்டன் இல்லாத ஒரு மாடி இருக்கிறது, சாவி என்னிடம் மட்டும்தான் என்று இரண்டு பேருக்கும் கதை சொல்லி வளர்த்தேன். அங்கே ராஜா, நாற்பது அறை, வெள்ளைக் குதிரை எல்லாம் வைத்திருந்தேன். ஜனவரியில் வீடு முழுக்க அழுதுகொண்டிருந்தபோது இவள் என் கையைப் பிடித்து, "அவனை எங்க மாமா வெச்சிருக்காங்க?" என்று கேட்டாள். வாயில் வந்தது அந்த மாடிதான். அழாமல் தூங்கிவிட்டாள். வீட்டில் ஒருத்தராலும் முடியாததை நான் முடித்துவிட்டேன் என்று அன்றைக்குப் பெருமைகூடப் பட்டேன்.

செப்டம்பர் 4, வெள்ளி

அக்கா கட்டடத்தில், ஒன்பதாவது மாடிக்கு மேல் இருக்கிற லிஃப்ட் மெஷின் ரூம். மோட்டாருக்கு எண்ணெய் விட்டேன், பிரேக் பார்த்தேன். வேலை முடிந்தும் அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். பம்பரத்திடம் கேட்டுப் பார்த்தேன் என்று எழுதினால் ஊரே சிரிப்பாய்ச் சிரிக்கும்.

செப்டம்பர் 5, சனி

ராக்கெட் என்று சொல்லிவிட்டேன்.

குண்டூசி யோசித்தாள். "ராக்கெட்டுக்குச் சக்கரம் கிடையாதே."

"மேல போனா ஆசை மாறும்டி."

"ஓ," என்றாள்.

குடை பிடித்த ராக்கெட். நன்றாகத்தான் இருக்கும். சமாளிப்பதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

செப்டம்பர் 9, புதன்

இப்போது பம்பரத்துக்குக் கடிதம் வேறு. நோட்டுத் தாளைக் கட்டைவிரல் அளவுக்கு மடித்துக் கொடுக்கிறாள். இதுவரை மூன்று. ஸ்பேனர் பைக்குள் வைத்திருக்கிறேன்.

இன்றைய கடிதம்: "நீ ஏன் ராக்கெட் சொன்ன. அம்மா உன் செருப்பை யாரையும் தொட விட மாட்டாங்க. எனக்கு பல் விழுந்திருச்சு. உனக்கு விழுந்திச்சா."

விழுந்துச்சாம், ரெண்டு, என்று பதில் சொன்னேன். எப்படிச் சந்தோஷப்பட்டாள் தெரியுமா? தன்னைவிட ஒன்று அதிகமாக விழுந்துவிட்டதே என்று சண்டைக்கு வேறு வந்தாள். எட்டு மாதமாக அவள் யாரோடும் சண்டை போட்டதில்லை. இது நல்லதுதானே? நல்லதுதான்.

செப்டம்பர் 12, சனி

அக்கா தனியாக இருந்தாள். துணியில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் சொன்னாள்: "அவனுக்கு ரெண்டு பல் விழுந்துச்சாமே. பாப்பா சொன்னா."

வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றேன். எவ்வளவு திட்டினாலும் தாங்கும் முதுகு எனக்கு.

"மேல் பல்லா, கீழ்ப் பல்லா?" என்று கேட்டாள்.

"அக்கா..."

"சொல்லேன்டா. வேற என்ன சொன்னான்?"

அவளுக்குத் தெரியும். அவளைவிட யாருக்குத் தெரியும்? கடைசியாக அவனைக் குளிப்பாட்டினது அவள் கைதானே. தெரிந்துதான் கேட்கிறாள். பாதியில் நின்ற லிஃப்டின் கதவை நான் திறக்கும்போது உள்ளே இருக்கிற முகங்கள் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவள் முகம்.

"கீழ்ப் பல்லுக்கா," என்றேன்.

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். லிஃப்டில் கால் வைக்கப் பிடிக்கவில்லை. மூன்று மாடியையும் படியிலேயே இறங்கினேன்.

செப்டம்பர் 13, ஞாயிறு

இந்த டைரியைத் திருப்பிப் பார்த்தேன். முதல் தேதியில் பன்னிரண்டு பேர் என்று எழுதியிருக்கிறது. நாலு பேர். யாரும் மயங்கவில்லை. மேனேஜர் கண் கலங்கவில்லை. மீட்டிங் போச்சு என்று திட்டினார். நாற்பது பர்த்டே என்றது, மூன்று. மூன்றும் அக்கா வீட்டில்தான். டிராக்டரைப் பார்க்க வந்தது ஊர் இல்லை, எதிர் வீட்டுப் பிள்ளைகள்.

இதையெல்லாம் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் என்றுதான் வைத்திருந்தேன். பேனா கையில் இருக்கிறது, அடித்து எழுதிவிடலாம். அந்தக் கீழ்ப் பல்லை எங்கே போய் அடிப்பது?

செப்டம்பர் 18, வெள்ளி

அத்தானைப் பஸ் நிலையத்தில் போய்ப் பார்த்தேன். பாப்பாவை மேலே கூட்டிப் போய்க் காட்டி, உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

அவர் ஸ்டியரிங்கைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "உனக்குப் பேச வருது மச்சான். எனக்கு ஒண்ணும் வரல. நீயாவது அவகிட்ட ஏதோ ஒண்ணு சொன்னியேன்னு நான் பேசாம இருந்துட்டேன்."

"நான் சொன்னது தப்பு அத்தான்."

"தெரியும். ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு. நானும் வரேன்."

செப்டம்பர் 20, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

காலை பத்து மணி. மெஷின் ரூமில் லிஃப்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். குண்டூசி நல்ல கவுன் போட்டு, தலை வாரி, கையில் ஒரு துணிப்பையோடு வந்தாள்.

"பையில என்னடி?"

"அவன் செருப்பு. அம்மாவுக்குத் தெரியாம எடுத்தேன். அங்க வெறுங்காலோட இருப்பான்ல."

அத்தான் வாசலிலேயே நின்றுவிட்டார்.

உள்ளே என்ன இருக்கிறது? ஒரு மோட்டார். ஒரு இரும்புப் பெட்டி. தரையில் இருக்கிற துவாரம் வழியாகக் கீழே இறங்குகிற கம்பிக்கயிறுகள். ஓர் எண்ணெய் டப்பா. அவள் எல்லாவற்றையும் பார்த்தாள். இரும்புப் பெட்டிக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தாள்.

நான் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "இங்க யாரும் இல்லடி. எப்பவும் இருந்ததில்ல. மாமா பொய் சொன்னேன்."

"ராஜா?"

"இல்ல."

"பம்பரம்?"

"இல்ல."

"அப்ப ராக்கெட்டுன்னு யார் சொன்னா?"

"நான்தான்."

"பல்லு?"

"அதுவும் நான்தான்."

"எனக்கு ராக்கெட்லயே சந்தேகம்," என்றாள். "அப்ப அவன் எங்க?"

நாக்கில் நூறு பதில் வந்து வரிசையில் நின்றது. எனக்குக் கதை தேட வேண்டியதில்லை, அதுவாக வரும். இன்றைக்கும் வந்தது. விழுங்கினேன்.

"செத்துப் போயிட்டான்டி. அதுக்கப்புறம் எங்கன்னு மாமாவுக்குத் தெரியாது."

தெரியாது என்று நான் யாரிடமும் சொன்னதாக ஞாபகம் இல்லை.

அவள் அழவில்லை. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். அவர் தூக்கிக்கொண்டார். தோளில் முகம் புதைந்த பிறகுதான் சத்தம் வந்தது. அவருக்கும் வந்தது. இரண்டு பேரும் படியில் இறங்கிப் போகிற வரைக்கும் நான் சுவிட்சைப் போடவில்லை.

செப்டம்பர் 21, திங்கள்

குண்டூசி பேசவில்லை.

செப்டம்பர் 22, செவ்வாய்

பேசவில்லை.

செப்டம்பர் 23, புதன்

கடிதங்களை அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். மொத்தம் நாலு. எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள். பேசவில்லை.

செப்டம்பர் 24, வியாழன்

அக்கா போன் பண்ணி வரச் சொன்னாள். பம்பரத்தின் செருப்பு பழையபடி கதவுப் பக்கம் இருந்தது. துடைத்து வைத்திருந்தாள்.

"பாப்பா எல்லாம் சொன்னா," என்றாள். "நான் உன்கிட்ட கேட்டேனே, அந்தப் பல்லு விஷயம்... இன்னும் ரெண்டு வாரம் விட்டிருந்தா நானும் லெட்டர் எழுதிக் குடுத்திருப்பேன்டா."

சொல்ல இருந்தது எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது.

குண்டூசி என் பக்கம் திரும்பாமல் அக்காவிடம் போய் நின்றாள். "அம்மா, என் பாதி குடை. குடை மட்டும்னா நல்லாவே இல்ல."

அக்கா நூலைப் பல்லால் கடித்தாள். ஊசியில் கோத்தாள். முடிச்சுப் போட்டாள். இந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் பதில் கிடையாது என்று நினைத்தேன்.

"குப்பை லாரி," என்றாள்.

"என்னம்மா?"

"குப்பை லாரின்னுதான் சொல்லியிருப்பான். தினம் காலையில ஜன்னல் கம்பியப் பிடிச்சிட்டு நின்னு, லாரி வந்ததும் சல்யூட் அடிப்பானே. பல்லுகூட விளக்காம."

ஜனவரிக்குப் பிறகு, அவன் உயிரோடு இருந்த நாளைப் பற்றி அவள் பேசியது இன்றைக்குத்தான்.

"ஐயே, நாறும்," என்றாள் குண்டூசி.

"நாறட்டும்."

"ஆமா. அவன் அதைத்தான் சொல்லியிருப்பான்." என் பக்கம் திரும்பினாள். "மாமா, சக்கரம் நிஜமா சுத்தணும்."

செப்டம்பர் 26, சனி

ஃபிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டி, பச்சைப் பெயின்ட். சக்கரத்துக்கு, கழித்துப் போட்ட லிஃப்ட் கதவு உருளை நாலு. நிஜமாகவே சுற்றியது. மேலே அக்காவின் மஞ்சள் குடை.

கேக் கடைக்காரர் மூன்று தடவை கேட்டார். "குப்பை லாரியா சார்? சின்னப் புள்ளைக்கா? கோவிச்சுக்கப் போகுது."

"அவங்க அம்மா சொன்ன தீம்," என்றேன்.

செப்டம்பர் 27, ஞாயிறு

பிள்ளைகள் எட்டுப் பேர் வந்தார்கள். எட்டுதான். அக்கா தட்டு எடுத்து வைக்கக் கணக்குக் கேட்டபோது நின்று எண்ணிச் சொன்னேன்.

அட்டை லாரியை அத்தான்தான் கூடத்தைச் சுற்றித் தள்ளினார். பஸ்காரர் இல்லையா, வாயாலேயே ஹாரன். பிள்ளைகள் மிட்டாய்த் தாளை எல்லாம் லாரிக்குள்ளே போட்டார்கள். எட்டு மாதத்தில் அந்தக் கூடத்தில் இவ்வளவு குப்பை சேர்ந்தது இன்றைக்குத்தான்.

ஏழு மெழுகுவர்த்தி. குண்டூசி ஊதக் குனிந்தவள் நிமிர்ந்தாள். "நீயும் வாம்மா. அவன் பாதிய நீ ஊது."

அக்கா குனிந்து ஊதினாள். பிறகு சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடியது. நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. குழாய் நின்றதும் வெளியே வந்து எல்லோருக்கும் கேக் வெட்டிக் கொடுத்தாள். எனக்குச் சக்கரம் வந்தது.

செப்டம்பர் 29, செவ்வாய்

இன்று கடைவீதிக் கட்டடத்து லிஃப்டில் அம்மாவோடு வந்த ஒரு பொடியன், என் பையையும் சாவிக்கொத்தையும் பார்த்துவிட்டுக் கேட்டான்: "அங்கிள், கடைசி மாடிக்கு மேல என்ன இருக்கு?"

வாயைத் திறந்தேன். மூடினேன்.

"ஒரு மோட்டார் இருக்கு தம்பி. நாலு கம்பிக்கயிறு. அவ்வளவுதான்."

அவன் முகம் வாடிவிட்டது. அதனால் இன்னும் ஒன்றே ஒன்று சொன்னேன்: இந்த வீதியிலேயே சத்தம் இல்லாமல் ஓடுகிற மோட்டார் அதுதான், அப்படி ஓட வைத்தது நான்தான் என்று.

அது உண்மை.